குத்திப்பட்டான்: தருமபுரிப் பகுதி நடுகற்களும் விலங்குக் கொலையின் அறமும்

ஆய்வுச்சுருக்கம்

விலங்கைக் கொல்வது எப்போது ஏற்கத்தக்கது, எப்போது பழிக்கத்தக்கது என்னும் வினாவுக்குப் பண்பாடுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே விரியும் தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளிலும் அவற்றை அடுத்த கொங்கு, கன்னட நிலங்களிலும் புலியோடும் பன்றியோடும் பொருது இறந்தவர்க்கு நடுகற்கள் எடுக்கப்பட்டன. அக்கற்களின் வாசக அமைப்பை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. கொலையை ஏற்ற மரபிலும் கொல்பவன் களத்தில் நிற்றல், கொல்லப்படுவதைக் காணுதல், கொலைக்குப் பொறுப்பேற்றல் ஆகிய மூன்றும் உள்ளார்ந்த நிபந்தனைகளாக இருந்தன என்பது இதன் கருதுகோள். கொல்லாமை மரபு, பிற நாட்டு வேட்டையர் வழக்கங்கள், காலனியக்கால வேட்டை, இன்றைய காட்டுப்பன்றிச் சிக்கல் ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கருதுகோள் சோதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், புலிக்குத்திக்கல், பன்றிக்குத்திக்கல், கொல்லாமை, தகடூர், தொப்பூர், மின்வேலி

முன்னுரை

2023 மார்ச் 7 அன்று தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டத்திற்குப் புறம்பாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரு குட்டிகள் உயிர்தப்பின. அவ்வேலி காட்டுப்பன்றிகளைத் தடுக்கவே போடப்பட்டது. யானையைக் கொல்லும் எண்ணம் வேலியிட்டவருக்கு இருந்ததாகக் கொள்வதற்கில்லை. அதே மாதம் 18ஆம் நாள் கம்பைநல்லூர்ப் பகுதியில் மற்றொரு யானை மின்கம்பியில் உரசி இறந்தது. முதல் நிகழ்வில் கொன்றவர் ஒருவர் உண்டு, கொல்லும் நோக்கம் வேறு. இரண்டாம் நிகழ்வில் கொன்றவர் என்று சுட்டுவதற்கு எவருமே இல்லை.

இதே நிலப்பரப்பில் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலான பூசல் கல்லில் பதியப்பட்டது. அக்கற்களில் மனிதன், விலங்கு, கருவி மூன்றும் ஒரே சட்டகத்துள் நேருக்கு நேர் நிற்கின்றன. இவ்விரு காட்சிகளுக்கும் இடையே கொலையின் அறம் எவ்வாறு மாறியது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. நிலமும் பூசலும்

தொப்பூர் தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி வட்டத்தில் உள்ளது. சேலம் சமவெளியிலிருந்து வடக்கே தருமபுரி மேட்டுநிலத்திற்கு ஏறும் வழி இக்கணவாயே. காட்டுக்குன்றுகளும் அவற்றின் அடிவாரத்து மானாவாரி நிலங்களும் இங்கு ஒட்டியே கிடக்கின்றன. கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு என விளைபவற்றுள் பெரும்பாலானவை காட்டுப்பன்றிக்கும் உணவாகக் கூடியவை. மேய்ச்சல் நிலமும் உழவு நிலமும் காட்டை நோக்கி விரியும்போது ஆநிரையை உண்ணும் புலியும் பயிரை உழும் பன்றியும் எதிர்ப்படுவது இயல்பு. ஆகவே இப்பகுதியின் விலங்குக் கொலையை ‘வேட்டை’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க இயலாது. உணவுக்கான வேட்டை, அரசர் பொழுதுபோக்கு வேட்டை, நிரையும் பயிரும் காக்கும் கொலை என மூன்றையும் பிரித்தே நோக்க வேண்டும். வேட்டையை அறவியல் நோக்கில் அணுகும் எழுத்துகள் இவற்றைக் கலந்துவிடுவதால் வரும் குழப்பம் பெரிது.

2. நடுகல் வாசகத்தில் கொலையும் சாவும்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலும் அதனைத் தொடர்ந்து வந்த தருமபுரிக் கல்வெட்டுத் தொகுப்பும் இப்பகுதியின் நடுகல் ஆய்வுக்கு அடித்தளமிட்டன. இக்கற்களுட் பெரும்பாலானவை தொறுப்பூசலில், அதாவது ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும், இறந்தவர்க்கு உரியவை. புலியோடும் பன்றியோடும் பொருது இறந்தவர்க்கான கற்கள் தனி வகையாக அமைகின்றன. புலிக்குத்திக் கற்களில் பின்னங்கால்களில் நிமிர்ந்து பாயும் புலியின் உடலில் வீரன் குறுவாளையோ ஈட்டியையோ பாய்ச்சுகிறான். பன்றிக்குத்திக் கற்களில் நாய்களும் உடன் காட்டப்படுவதுண்டு.

இவ்வகைக் கற்களுக்கு வழங்கும் ‘குத்திப்பட்டான்’ என்னும் தொடரின் இலக்கண அமைப்பு கருதத்தக்கது. ‘குத்தி’ வினையெச்சம், ‘பட்டான்’ வினைமுற்று. கொலை எச்சமாகவும் சாவு முற்றாகவும் நிற்கின்றன. புலியைக் குத்தியது செய்தி அன்று. குத்தி அதனால் பட்டதே செய்தி. கல் எழுப்பப்படுவது வென்றமைக்காக அன்று, அவ்வெற்றிக்குக் கொடுத்த விலைக்காக. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று வகுக்கும் நடுகல் நிலைகளும் இறந்தவனை மையமாகக் கொண்டவையே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நடுகல் இறந்தவர்க்கு எடுப்பது. எனவே ‘பட்டான்’ என்று முடிவது இயல்பே, அதிலிருந்து அறக்கோட்பாடு ஒன்றை வருவிக்கலாகாது என்பது அம்மறுப்பு. அது ஏற்கத்தக்கதே. புலியைக் கொன்று உயிரோடு திரும்பியவர் பற்றியும் நாள்தோறும் சிறு விலங்கு பிடித்து உண்டவர் பற்றியும் இக்கற்கள் எதுவும் கூறா. ஆகவே பண்டைத் தமிழர் விலங்குக் கொலையை எவ்வாறு கருதினர் என்னும் பொதுவினாவுக்கு நடுகல் விடையாகாது. ஆயினும் அது வேறொன்றை உறுதிப்படுத்துகிறது. ஊர் தன் பொதுநினைவில் நிலைநிறுத்தத் தேர்ந்த விலங்குக் கொலை, கொன்றவனும் தன் உயிரை ஈடுவைத்த கொலையே. கொன்ற விலங்கின் பெருமையைக் காட்டி உயிரோடிருப்பவன் புகழ் தேடும் வடிவம் ஊர்ப்புறக் கல்லில் இடம்பெறவில்லை.

இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. இக்கற்கள் மனிதன் பக்கத்திலிருந்து மட்டுமே பேசுகின்றன. பட்ட வீரனுக்குப் பெயரும் ஊரும் உண்டு. குத்துண்ட புலிக்கு உருவம் மட்டுமே உண்டு. விலங்கின்பால் இரக்கத்தை இக்கற்களிலிருந்து வருவிப்பது சான்றுக்குப் புறம்பாகும்.

3. நாய்க்கு எடுத்த கல்

விலங்கு வெறும் உருவமாக நில்லாமல் பெயருடைய உயிராக ஏற்றம் பெறும் இடங்களும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் பதிவு செய்கிறது. கள்வர் இருவரைக் கடித்து அந்நாய் காத்து நின்றதாக வாசகம் கூறுகிறது.

வேட்டையோடு நேரடியாகத் தொடர்புடையது கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரையடுத்து எழுதப்பட்டது அது. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரனான மணலேரன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனிடமிருந்து பரிசாகப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். அந்நாய் பெரும் பன்றியொன்றோடு பொருதது. இரண்டும் ஒருங்கே மடிந்தன. நாய்க்குக் கல் நடப்பட்டு, நிலம் வழங்கப்பட்டு, வழிபாடும் ஏற்படுத்தப்பட்டது. ‘குத்திப்பட்டான்’ என்பதன் தருக்கம் இங்கு மனித எல்லையைக் கடந்து செல்கிறது: கொன்று தானும் பட்ட உயிர் எதுவாயினும் கல்லுக்கு உரியது.

கொங்குப் பகுதியில் வழங்கும் அண்ணன்மார் கதையிலும் இதே கூறு உண்டு. வயலை அழிக்கும் கொம்பன் என்னும் பெரும்பன்றியை எதிர்கொள்ளும் பகுதி அக்கதையின் உச்சங்களுள் ஒன்று. அங்கும் வெற்றிக்கு வழியாவது பொன்னாச்சி என்னும் சிறு நாயே. பன்றிக்குப் பெயரும் குணமும் கொடுத்து, பகைவனுக்குரிய மதிப்போடு வாய்மொழி மரபு அதனை நடத்துகிறது. கல்லில் பெயரில்லாதிருந்த விலங்கு கதையில் பெயர் பெறுகிறது.

4. அதே நிலத்தில் கொல்லாமை

நடுகல் மரபு இந்நிலத்தின் ஒரே குரல் அன்று. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்ட நாடுகளுள் சத்தியபுத்திரர் நாட்டையும் குறிக்கிறது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று சுட்டுவதால் அச்சத்தியபுத்திரர் தகடூர் அதியர் என்பது பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. தகடூர் இன்றைய தருமபுரி. எனவே விலங்குக்கு மருந்து என்னும் எண்ணம் குறிப்பிடப்படும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றில் இந்நிலமும் இடம்பெறுகிறது. அக்கட்டளை மௌரிய அரசின் கூற்று என்பதையும், அதன் நடைமுறை எத்தகையது என்பதற்கு அதனையே சான்றாக்க இயலாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அசோகர் அரசவேட்டைப் பயணத்திற்கு மாற்றாக அறப்பயணத்தை மேற்கொண்டதை எட்டாம் பாறைக் கட்டளை கூறுகிறது. அரண்மனைச் சமையலுக்குக் கொல்லப்படுபவை இரு மயில்களும் ஒரு மானுமாகக் குறைந்ததை முதற்கட்டளை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. ஆனால் பதின்மூன்றாம் கட்டளையில் காட்டுமக்களை நோக்கிய எச்சரிக்கையும் உண்டு. விலங்குகளிடத்துக் கருணை காட்டும் அரசு, காட்டில் வாழும் மனிதரைக் கட்டுப்படுத்தவும் முனைவதை இங்குக் காண்கிறோம். இவ்விரட்டை நிலை பிற்காலத்திலும் திரும்ப வருகிறது.

தகடூரில் சமணம் வேரூன்றியிருந்தமைக்கு நுளம்பர் காலக் கல்வெட்டு சான்று. சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல், வணிகர் இருவர் இங்குச் சமணப் பள்ளி எழுப்பியதை அது பதிவு செய்கிறது. திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைப்பது அறியப்பட்டதே. உண்பதற்காகக் கொல்வோரையும் விலை கொடுத்து உண்போரையும் பிரித்துப் பார்க்காத நோக்கு அது. கொலையின் பொறுப்பு கொல்பவனோடு நின்றுவிடுவதில்லை என்னும் கருத்து அதன் உட்கிடை. மறுபுறம், வேட்டுவராகிய கண்ணப்பர் தாம் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைக் காளத்தி இறைவனுக்குப் படைத்ததைப் பெரியபுராணம் அன்பின் எல்லையாகக் காட்டுகிறது. பள்ளியும் புலிக்குத்திக்கல்லும் ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே நூற்றாண்டுகளில் இருந்தன. தமிழ் மரபு வேட்டையை ஏற்றது என்றோ மறுத்தது என்றோ ஒருமையில் கூறும் முடிவுகள் இதனாலேயே பொருந்தாமற் போகின்றன.

5. பிற பண்பாடுகளின் வேட்டையறம்

பிற பண்பாடுகளிலும் கொலையை ஏற்பதும் அதற்கு எல்லை வகுப்பதும் இணைந்தே செல்கின்றன. நீலகிரிப் பகுதி நாயக்கரிடையே கள ஆய்வு செய்த நூரித் பேர்டு-டேவிட், அவர்கள் காட்டைக் கொடுக்கும் பெற்றோராகக் கருதுவதை 1990இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். கொடையாகப் பெறுவதைப் பகிர்ந்து உண்ணல் அங்குக் கடமையாகிறது. வடசப்பானின் ஐனு மக்கள் கரடியைக் கொல்லும் சடங்கை, விருந்தாக வந்த தெய்வத்தை அதன் உலகிற்கு வழியனுப்புதலாகக் கொண்டனர். செருமானிய வேட்டை மரபில், சுடப்பட்ட விலங்கின் வாயில் இறுதிக் கவளமாகச் சிறு தழையை வைக்கும் வழக்கம் உண்டு. இவற்றின் நம்பிக்கைகள் வேறுவேறானவை. எனினும் கொன்றவன் கொல்லப்பட்டதன் அருகில் நின்று ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பது இம்மூன்றிலும் பொது.

இந்திய நூல்களில் அறத்தின் எல்லை மற்றொரு வகையில் வரையப்படுகிறது. அர்த்தசாத்திரம் வேட்டையை அரசனின் காமத்திலிருந்து பிறக்கும் தீமைகளுள் ஒன்றாக எண்ணினாலும், உடற்பயிற்சியும் இலக்குப் பழக்கமும் தருவதால் சூதினும் அது மேல் என்கிறது. பயனைக் கொண்டு எடைபோடும் நோக்கு இது. இதிகாசங்களோ கொல்லும் முறையைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. கூடியிருந்த மானைக் கொன்ற பாண்டு சாபம் பெறுகிறான். ஒலியை மட்டும் கேட்டு அம்பெய்த தசரதன், யானையெனக் கருதி முனிமகனைக் கொல்கிறான். அவன் எண்ணத்தில் தீங்கில்லை. ஆயினும் கதை அவனை விடுவிக்கவில்லை. காணாமல் கொன்றதே அவன் குற்றம். மின்வேலியைப் பற்றிச் சிந்திப்பதற்கு நம் மரபில் உள்ள மிக நெருங்கிய முன்னுதாரணம் இக்கதையே எனலாம்.

6. காலனியக் காலம்: பரிசும் பதிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வுறவு அடிப்படையில் மாறியது. சென்னை அரசு ஒருபுறம் புலி, சிறுத்தை ஆகியவற்றைக் கொல்வோர்க்குப் பணப்பரிசு வழங்கியது. மறுபுறம் 1873இல் காட்டு யானையைக் காக்கவும் 1879இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளைக் காக்கவும் சட்டங்கள் வந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை அரசின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. உரிமம் பெற்றவரின் வேட்டை விளையாட்டாகவும் காட்டுவாசியின் வேட்டை திருட்டாகவும் வகைப்பட்டன. அசோகரின் பதின்மூன்றாம் கட்டளையில் கண்ட இரட்டை நிலை இங்குச் சட்ட வடிவம் பெறுகிறது.

பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) அன்றைய சேலம் மாவட்டத்தின் சவளகிரி, பென்னாகரம் காடுகளைப் பற்றி விரிவாக எழுதியவர். 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலில் பைரா என்னும் பூசாரி இனத்தவரைப் பற்றிய பகுதி உண்டு. சட்டத்தின் பார்வையில் கள்ளவேட்டைக்காரரான அவரையே ஆண்டர்சன் காட்டறிவில் தம் ஆசிரியராக மதிக்கிறார். வேட்டையாடும் உரிமையும் காட்டறிவும் இருவேறு கைகளில் இருந்த நிலையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

நினைவுச்சின்னமும் மாறியது. நடுகல் இறந்த மனிதனை நினைவுகூர்ந்தது. பாடம் செய்த புலித்தோலும் சுவரில் மாட்டிய கொம்பும் உயிரோடிருக்கும் வேட்டைக்காரனைப் புகழ்ந்தன. ‘பட்டான்’ என்னும் முற்று மறைந்து ‘குத்தி’ என்னும் எச்சமே முற்றாகியது. துப்பாக்கி தொலைவைக் கூட்டி இடரைக் குறைத்ததும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணம். பின்னர் இக்காவிரிக் காடுகளிலேயே தந்தத்திற்காக யானைகள் கொல்லப்பட்டபோது, நினைவுச்சின்னத்தின் இடத்தைச் சந்தை விலை பிடித்துக்கொண்டது.

7. சட்டமும் மின்வேலியும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. 11ஆம் பிரிவு விலக்குகளை வகுக்கிறது: தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வது குற்றமாகாது, பயிருக்கும் உடைமைக்கும் ஊறு செய்யும் குறிப்பிட்ட விலங்குகளைக் கொல்ல உரிய அலுவலர் ஒப்புதல் தரலாம். காட்டுப்பன்றி முன்னர் மூன்றாம் அட்டவணையில் இருந்து, 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்கட்கு இதில் அதிகாரம் வழங்கியது. தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்த நடைமுறையின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தொலைவுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

இச்சட்டத் தருக்கம் நடுகல்லின் தருக்கத்திற்கு முற்றிலும் அயலானதன்று. இரண்டும் காக்கும் கொலையைத் தனியே பிரிக்கின்றன; இரண்டும் கொலைக்கு ஊரறிந்த பொறுப்பாளி ஒருவரைக் கேட்கின்றன. வேறுபாடு, காக்கும் பொறுப்பு ஊரிலிருந்து அரசுக்குச் சென்றமையில் உள்ளது. காட்டோரத்து உழவரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில் நிலம் உள்ளவருக்கே பன்றியால் இழப்பு நேரும் வாய்ப்பு மிகுதி. சுடுவதற்கான விலக்கு எட்டாத இடமும் அதுவே. யானை முதலான பிற உயிர்களுக்கு ஊறு நேராதிருக்க இவ்வெல்லை தேவை என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன் சுமையைத் தாங்குபவர் சிறுநிலக்காரர். இரவுக்காவலுக்கு ஆளின்றி, இழப்பீடு எப்போது வரும் எனத் தெரியாத நிலையில் மின்கம்பி காவலாளியின் இடத்தைப் பிடிக்கிறது.

மின்வேலி மேற்கூறிய மூன்று நிபந்தனைகளையும் ஒருங்கே தகர்க்கிறது. வேலியிட்டவர் களத்தில் இல்லை. கம்பி பன்றியையும் யானையையும் பிரித்தறியாது. வழிதவறி வரும் மனிதரையும் பிரித்தறியாது. கொலை நிகழ்ந்தபின் பொறுப்பேற்பதைவிட மறைப்பதற்கே தூண்டுதல் மிகுகிறது. இது உழவரின் கொடுமையால் விளைவதாகக் கருதுவது எளிய தீர்ப்பாகிவிடும். களத்தில் நின்று காப்பதற்கான கூட்டமைப்பு ஊரில் இல்லாமற் போனதும், அதற்கு ஈடான ஒன்றை அரசு முழுமையாகத் தராததும் சேர்ந்தே இந்நிலையை உருவாக்கியுள்ளன.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, தருமபுரிப் பகுதியின் புலிக்குத்திக் கற்களும் பன்றிக்குத்திக் கற்களும் வேட்டைப் புகழ்ச்சி அல்ல. அவை காவலின் நினைவுகள். கொலையைவிடச் சாவையே முன்னிறுத்துகின்றன. ஆகவே இன்று வேட்டையாடும் உரிமைக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இரண்டாவதாக, கொல்லாமை மரபும் கொலையை ஏற்ற மரபும் ஒன்றையொன்று விலக்கி இயங்கவில்லை. ஒன்று கொலையின் பொறுப்பை உண்பவர் வரை விரித்தது. மற்றொன்று அப்பொறுப்பைக் கொல்பவனின் உடலிலேயே நிறுத்தியது. பொறுப்பில்லாக் கொலைக்கு இரண்டிலும் இடமில்லை.

மூன்றாவதாக, இன்றைய விவாதம் பன்றியைக் கொல்லலாமா, கூடாதா என்னும் இருமையிலேயே நிற்கிறது. யார் நின்று கொல்கிறார், எதைக் கண்டு கொல்கிறார், அதனை எங்கே பதிகிறார் என்னும் வினாக்களும் அதனோடு எழுப்பப்பட வேண்டும். ஒப்புதலோடு சுடப்படும் ஒவ்வொரு பன்றியும், வேலியில் இறக்கும் ஒவ்வொரு விலங்கும், இழப்புற்ற ஒவ்வொரு நிலமும் ஊரறியப் பதியப்படுமானால் சட்டம் கேட்கும் பொறுப்பு நடைமுறையிலும் வடிவம் பெறும்.

நடுகல் அத்தகைய ஒரு பதிவே. யார், எதனோடு பொருது, எவ்வாறு பட்டான் என்பதை ஊர் வழிப்போக்கரும் காண எழுதி வைத்தது. மாரண்டஅள்ளியில் மூன்று யானைகள் விழுந்த இடத்தில் எழுதுவதற்கு, ‘பட்டன’ என்னும் முற்று உண்டு; அதற்கு முன்னே நிற்க வேண்டிய எச்சம் இல்லை.